இரண்டு மெகாபிக்சல் முகம்

கழுதை கடித்து இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் போன சொள்ளமுத்துவின் பாதிக் காது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவன் தலையிலேயே திரும்பி வந்து ஒட்டிக்கொண்டிருந்தபோது, உடையங்குளத்தில் யாரும் ஐயோ அம்மா என்று கூப்பாடு போடவில்லை. டீக்கடைக்காரர் எப்போதும்போல சீனி கம்மியாக ஒரு டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு, "காது வந்துட்டு போல" என்றார். "ஆமா, விடியக்காலம் பாத்தேன்" என்றான் சொள்ளமுத்து. பிறகு இரண்டு பேரும் மழை ஏமாற்றிவிட்டதைப் பற்றிப் பேசினார்கள். அவன் வீட்டில்தான் கொஞ்சம் சத்தம். "வந்தது நல்லதுதான். இனிமே நான் சொன்னது கேக்கலைன்னு சாக்குச் சொல்ல முடியாதுல்லா" என்று அவன் பெண்டாட்டி அந்தப் புதுக் காதைப் பிடித்துத் திருகிப் பார்த்தாள். வலித்தது. அசல் காதுதான்.

எங்கிருந்து வந்தது என்பதும் மத்தியானத்துக்குள் தெரிந்துபோயிற்று. சொள்ளமுத்துவின் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. காதுகுத்து என்றால் பஸ் ஸ்டாண்டில் தாய்மாமனுக்குப் பன்னிரண்டடி பிளக்ஸ் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் குத்தின காது சீழ் பிடிக்கும் என்று எந்த சாஸ்திரத்திலும் இல்லாவிட்டாலும் ஊரில் ஒருத்தரும் சோதித்துப் பார்க்கத் தயாராயில்லை. சொள்ளமுத்துவோ மூளிக்காதைக் காட்டப் பிரியப்படாமல் ஜென்மத்துக்கும் ஒரே ஒரு தடவைதான் படம் எடுத்திருந்தான், அதுவும் தவசிக்கனியின் பழைய டிஜிட்டல் கேமராவில், இரண்டே இரண்டு மெகாபிக்சலில். தபால்தலை அளவுக்குத்தான் தேறும் அந்தப் படத்தைத் தவசிக்கனி புதிதாக வந்த ஒரு சாஃப்ட்வேரில் போட்டுப் பன்னிரண்டடிக்கு இழுத்தார். சாஃப்ட்வேர் பார்த்தது. மனுசன் என்றால் இரண்டு காது என்று அதற்குத் தெரியும். முழுசாக வரைந்துவிட்டது. பிளக்ஸ் ஏறினது திங்கள் சாயங்காலம். காது வந்தது செவ்வாய் காலை. இதற்கு மேல் காரணம் கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், ஊருக்கு வேறு வேலை இருந்தது.

தவசிக்கனி யாரென்று கேட்டால், அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் கையால் படம் எடுத்துக்கொள்ளாமல் கல்யாணம் பண்ணினவனும் இல்லை, கண்ணீர் அஞ்சலி வாங்கினவனும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே 'தவசி டிஜிட்டல் ஸ்டுடியோ அண்ட் பிளக்ஸ்'. உள்ளே நுழைந்ததும் சுவரில் ஓர் ஆள் உயரக் கண்ணாடி, அதன் கீழே வருகிற ஆட்கள் முகத்துக்குப் போட ஒரு பவுடர் டப்பா, நாலு பல் போன சீப்பு. கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் அவருடைய கம்ப்யூட்டர். தவசிக்கனிக்கு உடம்பு கனம், தலை வழுக்கை, வாய் அதிகம் பேசாது. பேசுவதற்கு வீட்டில் வேறு ஆள் இருந்தது.

அது அவருடைய சம்சாரம் பேச்சித்தாய். கல்யாணமான மூன்றாம் மாதம் தவசிக்கனி வயரில் கால் தடுக்கி, படம் எடுக்கிற குடை லைட்டின் ஸ்டாண்டைச் சாய்த்து, அது நேரே போய் அவளுடைய இடது புருவத்துக்கு மேலே விழுந்து, நாலு தையல் போட்டு, பிறைபோல ஒரு தழும்பு நின்றுவிட்டது. அன்றைக்குப் பிடித்த ஏச்சை அவள் இன்னும் நிறுத்தவில்லை. தினம் பத்து மணிக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு ஸ்டுடியோவுக்கு வருவாள், கண்ணாடி முன்னால் நின்று தலையை ஒதுக்குவாள், தழும்பைப் பார்ப்பாள், ஆரம்பித்துவிடுவாள். "கண்ணு தெரியாத கபோதி கையில எங்கய்யா என்னையப் பிடிச்சுக் குடுத்தாரு. உலகத்தையே வெளிச்சம் போட்டு எடுக்க மனுசன், பொண்டாட்டி மேல லைட்டத் தூக்கிப் போட்டாரு." இதெல்லாம் கண்ணாடியைப் பார்த்தபடியே. தவசிக்கனி முதுகைக் காட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருப்பார், பிறகு மெல்லத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். இருபது வருஷமாக இது ஒரு நாள் தவறாமல் நடந்தது.

அவளுக்கென்று ஒரு படம் கிடையாது. கேமராவைத் தூக்கினாலே இடது கை தன்னால் போய் இடது புருவத்தை மூடிக்கொள்ளும். கல்யாணப் படமாவது இருக்கக் கூடாதா என்றால், எடுக்க வந்தவன் தவசிக்கனியின் தொழில் போட்டிக்காரன். அந்தப் புண்ணியவான் பிலிம் போடாத கேமராவில் மூன்று மணி நேரம் பளிச் பளிச்சென்று அடித்துவிட்டுப் பந்தியில் இரண்டு தரம் சாப்பிட்டுப் போய்விட்டான்.

காது விஷயத்துக்கு வருவோம். ஒருத்தனுக்குக் காது வந்தால் ஊர் சும்மா இருக்குமா? மறுநாளே ஸ்டுடியோ வாசலில் வரிசை நின்றது. முன்பல் விழுந்தவர், மாறுகண்காரர், முடி கொட்டினவர், 'எனக்கு ஒரு குறையும் இல்லை, சும்மா இருந்துட்டுப் போகட்டுமே' என்றவர். படம் பெரிதானால் போதும், மறுநாள் காலையில் முகம் அந்தப் படம்போலவே ஆகிவிட்டது. செல்போனில் எடுத்த புதுப் படங்களைக் கொண்டுவந்தவர்களைத் தவசிக்கனி திருப்பி அனுப்பினார். அந்தப் படத்தில்தான் முகப்பரு வரைக்கும் எல்லாமே பதிவாகியிருக்கிறதே, எல்லாம் இருக்கிற இடத்தில் சாஃப்ட்வேருக்கு என்ன வேலை? அதற்குப் பழைய கேமராதான் வேண்டும். ஒன்றும் சரியாகத் தெரியக் கூடாது. தெரியாத இடத்தில்தான் அது தெரிந்த மாதிரி எழுதும். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதில் வாத்தியார், ஜோசியர், வக்கீல் மூன்று பேரையும் உரலில் போட்டு இடித்துச் செய்த பண்டம் அது.

அப்புறம் என்ன, குப்பையில் கிடந்த கேமராவுக்கெல்லாம் ராஜயோகம் அடித்தது. துபாயிலிருந்து மாமா கொண்டுவந்தது, சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது, பீரோவின் அடித்தட்டில் பாச்சா உருண்டையோடு தூங்கினது, பிள்ளைகள் விளையாட்டுச் சாமானாக்கி மூக்கை உடைத்தது எல்லாம் வெளியே வந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில், "எங்க வீட்ல மூணு மெகாபிக்சல், நல்ல கண்டிசன்" என்று பெருமையடித்த மாப்பிள்ளை வீட்டாரை, "மூணா? எங்களுக்கு ஒண்ணே முக்காலுக்கு மேல போக இஷ்டமில்ல" என்று திருப்பி அனுப்பினார்கள். முப்பது வருஷம் 'ஆடாம நில்லுங்க' என்று சொல்லியே தொண்டை கட்டிப்போன தவசிக்கனியிடம் இப்போது ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார்கள்: "அண்ணாச்சி, கொஞ்சம் ஆட்டி எடுங்க. போன தடவை ரொம்பத் தெளிவா எடுத்துக் கெடுத்துட்டீங்க."

பேரூராட்சித் தலைவர் லிங்கதுரை கூறுள்ள மனுசன். மூக்குக்கு ஆகிறது ரோட்டுக்கு ஆகாதா என்று அவருக்குத்தான் முதலில் தோன்றியது. பள்ளமும் படுகுழியுமாகக் கிடந்த மேலத்தெருவைத் தள்ளி நின்று பழைய கேமராவில் எடுக்கச் சொன்னார். சாஃப்ட்வேர் பார்த்தது, கறுப்பாக நீளமாக இருப்பது ரோடு என்று முடிவு பண்ணியது, மறுநாள் காலையில் மேலத்தெரு வழுவழுவென்று கிடந்தது. காண்டிராக்டர் அன்று மத்தியானமே வந்து தான்தான் போட்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஒரே ஒரு சங்கடம், சாஃப்ட்வேருக்கு எழுத்து வராது. படத்தில் அகப்பட்ட கடைப்பலகைகள், பஸ் போர்டு, தெருப்பெயர் எல்லாம் எழுத்து மாதிரி, ஆனால் எழுத்தாக இல்லாமல், புழு நெளிகிறாற்போல ஆகிவிட்டன. இதற்கு ஊர் கவலைப்பட்டதா? மருந்துக்கடையில், "டாக்டர் எழுத்து மாதிரிதான் இருக்கு, நமக்குப் பழக்கம்தான்" என்றார்கள். எங்கிருந்தோ ஒரு பேராசிரியர் வந்து பார்த்து, இது தமிழுக்கும் மூத்த எழுத்து, உலகத்தின் முதல் பஸ் ஸ்டாண்டு உடையங்குளத்தில்தான் இருந்திருக்க வேண்டும் என்று பேசிவிட்டுச் சால்வை வாங்கிக்கொண்டு போனார். ஜனங்கள் கைதட்டினார்கள். சிலருக்கு ஆறாவது விரல் முளைத்ததையும் யாரும் குறையாகச் சொல்லவில்லை, ஆறு விரல் அதிர்ஷ்டம் என்று நம்மில் ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கிறதல்லவா.

ஒரு தரம்தான் கொஞ்சம் கைமீறிப் போயிற்று. அண்ணன் தம்பிச் சண்டையில் ஒரு வீட்டார், குடும்பப் படத்திலிருந்து தம்பியை மட்டும் வெட்டிவிட்டுப் பெரிதாக்கச் சொன்னார்கள். தவசிக்கனி யோசிக்காமல் வெட்டினார். மறுநாளிலிருந்து அந்தத் தம்பியைக் காணோம். திருப்பூரில் இருக்கிறான் என்றார்கள். நம்மூரில் காணாமல் போனவர்கள் எல்லாருமே திருப்பூரில்தான் இருக்கிறார்கள். அன்றோடு தவசிக்கனி யாரையும் படத்திலிருந்து வெட்டுவதில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டார்.

ஆறு மாதம் போயிற்று. அப்புறம்தான் ஒரு விஷயம் மெல்லத் தட்டுப்பட்டது. சாஃப்ட்வேருக்குத் தெரிந்த மூக்கு மொத்தம் நாலோ ஐந்தோதான். பல் வரிசை இரண்டு. கண்ணில் ஒரே ஒரு மாதிரி. எத்தனை பேர் போனாலும் அதைத்தான் மாற்றி மாற்றி வைத்து அனுப்பியிருக்கிறது. ஊரே ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கையில் அகப்பட்ட அம்மாவோடு வீட்டுக்குப் போனார்கள், சாப்பாடு ருசியை வைத்துப் பாதி வழியில் கண்டுபிடித்துத் திரும்பி வந்தார்கள். டீக்கடைக்காரர் 'சீனி கம்மி', 'ஆடை வேண்டாம்' என்று கேட்பதை வைத்து ஆளை அடையாளம் பார்த்தார். உள்ளாட்சி இடைத்தேர்தலில் ஒருத்தரே பதினொரு ஓட்டுப் போட்டார், அது ஒன்றுதான் பழையபடியே நடந்தது. "முன்னெல்லாம் அவ மூக்கு அழகு, என் மூக்கு சப்பைன்னு எத்தனை பொறாமை. இப்ப பாருங்க, ஒரே மூக்கு, ஒரே மனசு" என்று லிங்கதுரை கூட்டத்தில் பேசினார். மேடையில் இருந்த எதிர்க்கட்சிக்காரரும் அவரைப் போலவே இருந்ததால் பேசினது யாரென்று பின்வரிசைக்குத் தெரியவில்லை.

தவசிக்கனிக்கு முதல் தடவையாக இது விபரீதமென்று பட்டது ரேஷன் கடை வாசலில். சொள்ளமுத்து தன் பெண்டாட்டியைத் தேடிக்கொண்டு வந்தான். வரிசையில் பதினான்கு பெண்கள். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான், தலையைச் சொறிந்தான், கடைசியில் பொதுவாக, "ஏட்டி!" என்று ஒரு சத்தம் கொடுத்தான். பதினான்கு பேரும் திரும்பினார்கள். பதினான்கு முகத்திலும் ஒரே சிரிப்பு. சொள்ளமுத்து அந்த முகங்களுக்கு நடுவே, சந்தையில் தன் ஆட்டைத் தொலைத்தவனைப்போல நின்றதைப் பார்த்துவிட்டு, தவசிக்கனி சர்க்கரை வாங்காமலே திரும்பிவிட்டார்.

ஏனென்றால் அவர் வீட்டிலும் அதே பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் இன்னும் பெரிதாகாமல் மிச்சமிருந்தவர்கள் ஒரு கை விரலில் அடங்கும். அதில் ஒருத்தி பேச்சித்தாய்.

"ஏங்க, ஊர்ல உள்ள கோழி குஞ்சுக்கெல்லாம் மூக்கு வச்சுக் குடுத்தாச்சு. எனக்கு எப்ப?" என்றாள் கண்ணாடியைப் பார்த்து.

"பிரிண்டர் ரிப்பேரு."

"போன வாரமும் ரிப்பேருன்னீங்க. பிரசிடெண்டு கொழுந்தியாளுக்கு மட்டும் எப்படிப் போட்டுக் குடுத்தீங்க?"

"அது... அதுல மை தீந்துட்டு."

"இந்தத் தழும்பு ஒண்ணு போனாப் போதும். வேற எதுவும் கேக்கல. இருபது வருசமா நெத்தியப் பொத்திக்கிட்டுத் திரியுதேன். விசேச வீட்ல நாலு பேரு நிமிந்து பாத்தா தலை தன்னால குனிஞ்சிருது. போட்டதும் நீங்கதான், எடுக்க மிசினு வச்சிருக்கதும் நீங்கதான். எடுத்து விட்டா என்ன?"

தவசிக்கனிக்கு நெஞ்சுக்குள் ஒரு மூட்டை பேச்சு இருந்தது. உன் மூக்கு போய்விட்டால், நீ ஏசும்போது விடைக்கிற அந்த மூக்கு போய்விட்டால், ரேஷன் கடை வரிசையில் உன்னை நான் எங்கே போய்த் தேடுவேன் என்று கேட்க வேண்டும். பேசத் தெரியாத மனுசன் வாயில் வந்தது வேறு. "உனக்கெதுக்கு அதெல்லாம்?" என்றார்.

அவ்வளவுதான். பேச்சித்தாய் சீப்பைக் கீழே வைத்தாள். இருபது வருஷத்தில் அவள் ஏசாமல் நின்றது அன்றைக்குத்தான். "எனக்கெதுக்கு. சரிதான். ஊருக்கெல்லாம் வேணும், எனக்கெதுக்கு" என்று மட்டும் சொன்னாள். அரை மணி நேரத்தில் கையில் ஒரு பையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றாள், உடன்குடியில் அவள் அண்ணன் வீடு. பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை தொட்டிப் போட்டோவப் பெருசாக்கப் போறீங்கல்லா? அதுல நானும் நிக்கேன். அதுலயும் என்னைய விட்டீங்க, அம்மன் சத்தியமா இந்த ஊர்ப்பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன்."

தொட்டிப் படம் என்பது இதுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் ஊரில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி திறந்தார்கள். அன்றைக்கு நானூறு பேரைத் தொட்டியடியில் நிறுத்தி, புதிதாக வாங்கின கேமராவில் தவசிக்கனி எடுத்த முதல் படம் அது. தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை, இன்றுவரைக்கும் ஏறவில்லை. ஆனாலும் இருபதாவது ஆண்டு விழாவை லிங்கதுரை விமரிசையாக நடத்துகிறார். அந்தப் படத்தை நாற்பதடிக்குப் பெரிதாக்கிப் பஸ் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும், மிச்சமிருக்கிற நாலு பேரும் அதோடு சேர்ந்து சரியாகிவிடுவார்கள், மறுநாள் உடையங்குளம் தமிழ்நாட்டின் முதல் முழுமையான பேரூராட்சி என்று அறிவிக்க வேண்டும். "ஒருத்தரையும் விட்டுரக் கூடாது வே, சமத்துவம் முக்கியம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

விட முடியாது, வெட்டவும் முடியாது. புதன்கிழமை காலையில் தவசிக்கனி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கடைசி வரிசையில், ஓரத்தில், பேச்சித்தாய். திரையில் இழுத்துப் பார்த்தால் முகம் குறுக்கே ஒன்பது சதுரம், நெடுக்கே பதினொன்று. மொத்தம் தொண்ணூற்றொன்பது சதுரத்தில் அவர் பெண்டாட்டி. இரண்டு கறுப்புச் சதுரம் கண். ஒரு வெள்ளைச் சதுரம் பல். புருவம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே பழுப்பு. சாஃப்ட்வேர் என்ன சொல்கிறது பார்ப்போம் என்று அந்த இடத்தை மட்டும் ஒரு வெள்ளோட்டம் விட்டார். வந்தது. அழகான முகம்தான், பொய் சொல்லக் கூடாது. எடுப்பான மூக்கு, சீரான பல், மாசு மருவில்லாத நெற்றி. யாரையும் ஒரு வார்த்தை ஏசத் தெரியாத முகம். "யாரும்மா நீ?" என்று தவசிக்கனி வாய்விட்டே கேட்டுவிட்டார். கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுது பழக்கமில்லாததால் துண்டை எடுத்து மூக்கைத்தான் துடைத்தார்.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. சாஃப்ட்வேர் தெரியாத இடத்தைத்தானே நிரப்புகிறது? தெரியாத இடமே வைக்காவிட்டால்? அது கையை வைக்கும்முன் அவரே அந்த முகத்தை முழுசாக வரைந்துவிட்டால்?

மவுஸைப் பிடித்தார். பாஸ்போர்ட் படத்தில் நாலு பரு அழித்ததைத் தவிர அவருக்கு வரைந்து பழக்கம் கிடையாது. ஆனால் ஆச்சரியத்தைப் பாருங்கள், எல்லாம் தெரிந்திருந்தது. மூக்குத்தி போடாமல் தூர்ந்துபோன ஓட்டை எந்த இடம் என்று தெரிந்திருந்தது. கோரைப்பல் ஒன்று மற்றதன் மேல் ஏறியிருப்பது, உதட்டோரத்தில் கோபத்துக்கு முன்னால் வருகிற ஒரு குழி, மூக்கு விடைக்கும்போது ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாக விடைப்பது, நெற்றியில் அடங்காத இரண்டு முடி, எல்லாம். புதன் முழுக்க மூக்கு. வியாழன் மத்தியானம்வரை வாய். தழும்புக்கு வந்ததும் கை நின்றது. அது வேண்டாம் என்றுதானே அவள் கேட்டாள்? பாவம், கேட்டது அது ஒன்றுதானே? தழும்பில்லாமல் விட்டுப் பார்த்தார். பத்து நிமிஷம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சித்தாய் மாதிரியே இருந்த அந்தப் பெண்ணுக்கு அவரிடம் சொல்வதற்கு ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. "மன்னிச்சுக்கடி" என்று சொல்லிவிட்டு, பிறையைக் கண்ணில் நிற்கிற மாதிரியே, நிற்கிற இடத்திலேயே வரைந்தார். பட்டனை அழுத்தினார்.

வெள்ளிக்கிழமை பிளக்ஸ் ஏறியது. சனிக்கிழமை காலையில் ஊர் பூரணமாகிவிட்டது. மேளம், வேட்டு, ஆறு விரலால் கைதட்டல். சாஃப்ட்வேர் தொட்டிக்குப் புதுசாக வெள்ளையடித்து, தூண்களில் பூங்கொடி எல்லாம் படரவிட்டிருந்தது. தண்ணீர் மட்டும் இல்லை. தொட்டிக்கு உள்ளே இருப்பது படத்தில் தெரியாதல்லவா. படம் எடுத்த ஆள் எப்போதும் படத்தில் இருப்பதில்லை என்பதால் தவசிக்கனி மட்டும் அதே வழுக்கையோடும் தொப்பையோடும் கூட்டத்தில் நின்று, உடன்குடி பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு மணிக்குப் பஸ் வந்தது. இறங்கின உள்ளூர்க்காரர்கள் முப்பது பேருக்கும் விழாவுக்கு வந்த முந்நூறு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே பல், ஒரே கண். அந்த முகங்களுக்கு நடுவே ஒரே ஒரு முகம் வந்தது. தவசிக்கனிக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. அவளோ சிரித்துக்கொண்டு வந்தாள். நடந்தது இது என்று பிறகு அவளே சொன்னாள்: காலையில் அண்ணன் வீட்டு அடிபம்பில் முகம் கழுவியிருக்கிறாள், வழக்கம்போல இடது புருவத்தைத் தடவியிருக்கிறாள், வழுவழுவென்று இருந்திருக்கிறது. சந்தோஷம் தாங்காமல் மதினி முன்னால் போய் நின்றிருக்கிறாள். மதினி பார்த்திருக்கிறாள், வாயைத் திறக்கவில்லை. நாத்தனாருக்கு நல்லது நடந்தால் சொல்லுகிற மதினி எந்த ஊரில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடிகூடப் பார்க்காமல் கிடைத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். பார்ப்பதென்றால் நம்ம ஸ்டுடியோ கண்ணாடியில்தான் பார்க்க வேண்டுமாம்.

புருஷனைத் தாண்டிக்கொண்டு நேரே ஸ்டுடியோவுக்குள் போனாள். தவசிக்கனி பின்னாலேயே போய் வாசலில் நின்றார்.

"ஏங்க!"

மேளச்சத்தத்தையும் மீறி அது பஸ் ஸ்டாண்டுக்கே கேட்டது.

"இதென்ன கூத்து? இடது பக்கம் இருந்தது வலது பக்கம் வந்து உக்காந்திருக்கு! இருபது வருசம், இருபது வருசம் ஒரு வீட்ல குடியிருந்த பொம்பளைக்கு எந்தப் பக்கம் தழும்புன்னுகூடவா தெரியாது? எடுத்துத் தொலைக்கத்தான் மனசு வரல, வைக்கதையாவது உள்ள இடத்துல வைக்கக் கூடாதா?"

தவசிக்கனி பார்த்தார். ஆமாம், வலது பக்கம். மூக்கு சரி, பல் சரி, உதட்டோரக் குழி சரி. ஆனால் எல்லாமே பக்கம் மாறி. இவ்வளவு தெரிந்த நான் இதை எப்படித் தப்பவிட்டேன் என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் முதுகுக்குப் பின்னால், சுவரில், கண்ணாடியைப் பார்த்தார்.

"நீ எப்பவும் கண்ணாடியப் பாத்துல்லா ஏசுவ" என்றார் மெதுவாக. "நான் கண்ணாடிக்குள்ளதான் உன்னையப் பாத்துக்கிட்டிருந்தேன்."

பேச்சித்தாய் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"எப்ப?"

"தினமும்."

"நீங்க கம்ப்யூட்டரல்லா பாக்கீங்கன்னு நெனச்சேன்."

"கம்ப்யூட்டர்ல என்ன இருக்கு, எவனாவது ஒருத்தன் மூஞ்சி. எனக்கு நேரா பாக்கப் பயம். போட்டது நான்தான. அதான் கண்ணாடி வழியா." தவசிக்கனிக்கு அன்றைக்கு எப்படியோ பேச்சு வந்துகொண்டிருந்தது. "உனக்கெதுக்குன்னு நான் சொன்னது அந்த அர்த்தத்துல இல்ல. நீயும் அந்த மூக்கு வாங்கிட்டா, அப்புறம் எனக்குன்னு இந்த ஊர்ல ஒரு முகம் கிடையாது. ரேசன் கடையில போயி ஏட்டின்னு கூப்புடணும். எனக்கு அது முடியாது பேச்சி."

வெளியே லிங்கதுரையோ, அல்லது அவர் மாதிரி ஒருத்தரோ, முழுமை முழுமை என்று மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார்.

"இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா" என்றாள் பேச்சித்தாய். குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்கக் கொஞ்சம் கூடுதலாகவே சத்தம் போட்டாள். "நாலு நாள் மதினி கையால ரசஞ் சோறு தின்னுருக்கேன், உங்க ஊமைத்தனத்துனால!" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பவுடர் டப்பாவை எடுத்து, நெற்றிக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டு, நேரே போய், படம் எடுக்கத் தொங்கவிட்ட திரைச்சீலைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு முதுகு, தவசிக்கனிக்கு முகம்.

"எடுங்க" என்றாள்.

"என்னது?"

"போட்டோ. வேற என்ன, கொழுக்கட்டையா? நேராப் பாத்து எடுங்க. எது எது எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்கிடுங்க. நாளைக்கு மறுபடி ஒரு தொட்டி திறந்து, மறுபடி வரைஞ்சு, காதைக் கொண்டுபோய்க் கழுத்துல வச்சிராதீங்க. அந்த மிசினுல மட்டும் போட்டீங்க, கைய ஒடிச்சிருவேன்."

தவசிக்கனி பழைய கேமராவை எடுத்தார். குடை லைட்டை மூன்றடி தள்ளி வைத்தார், அதன் காலுக்கு ஒரு கல் முட்டுக் கொடுத்தார். கேமராவின் சின்னத் திரையில் அவள் முகம் நிலைக்கு வந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர். விரல் பட்டனைத் தொட்டதும் பேச்சித்தாயின் இடது கை, பழக்க தோஷம், தன்னால் உயர்ந்து போய் இடது புருவத்தை இறுக மூடிக்கொண்டது. அங்கே மறைக்க ஒன்றும் இல்லை. வலது புருவத்துக்கு மேலே பிறைத் தழும்பு, லைட் வெளிச்சம் முழுக்க வாங்கிக்கொண்டு, ஊரறியத் திறந்து கிடந்தது.

தவசிக்கனி அதை அவளிடம் சொல்லவில்லை. ஆடாமல் எடுத்தார்.